காலித் தறி

தங்கபுஷ்பம் ஒரே சமயத்தில் நான்கு பேரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். அந்த நான்கு பேரில் அவள் புருஷன் லிங்கதுரை இல்லை.

அவன், அவர்களுடைய கயிறு தார்ப்பாய்க் கடைக்குள், மூன்றடி தூரத்தில் ஒரு நைலான் கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வாயால் அவள் பேசியது எதிரே நின்ற லாரிக்காரரிடம். மற்ற மூன்று பேரமும் உள்குரலில், தலைக்குள்ளேயே ஓடின. உப்பளத்துக்காரர் ஒருவர் மழைக்கு முன்னால் தார்ப்பாய் கேட்டார். விசைப்படகுக்காரர் ஒருவர் நங்கூரக் கயிறு கேட்டார். இது இரண்டும் காலையில் அவளே சொன்னது; நான்காவது யாரென்று அவனுக்குத் தெரியவில்லை. அந்த நான்காவது ஆளுக்காகத்தான் சற்று முன் அவள் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போயிற்று என்று லிங்கதுரை முடிவு கட்டியிருந்தான்.

"ஏட்டி, யாருட்ட சிரிக்க?"

"வியாபாரத்துல சிரிப்பும் சரக்குதான். கொஞ்சம் சும்மா இருங்க, வரிசையில வாங்க" என்றாள் அவள், லாரிக்காரரைப் பார்த்தபடியே.

காதுக்குப் பின்னால் மிளகு அளவில் பதிக்கும் மனத்தறி புழக்கத்துக்கு வந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. ஒரு மனம், ஒரு நேரம், ஒரு வேலை என்று மனிதன் நடத்திவந்த ஒற்றைக் கடையை அது நாலு வாசல் கடையாக மாற்றியது. ஆளுக்கு நான்கு தறி. தறிக்கு ஒரு சிந்தனை. தூத்துக்குடி பஜாரில் இப்போது 'யோசிச்சு சொல்லுதேன்' என்று நழுவ யாருக்கும் வழியில்லை. யோசிப்பதற்கென்றே ஒரு தறி இருக்கிறதே!

நான்கு தறிக்கும் வேலை பங்கிட்டுக் கொடுக்கும் மென்பொருளுக்குக் கங்காணி என்று பெயர். தேயிலைத் தோட்டத்துச் சொல் எப்படியோ மண்டைக்குள் வந்து ஒட்டிக்கொண்டது. பழைய கங்காணி மரியாதைக்காரன். ஓடுகிற வேலையைத் தொடமாட்டான். மனைவி பேரத்தில் இருந்தால் புருஷனுக்கு நெஞ்சுவலி என்றாலும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். லிங்கதுரைக்கு நெஞ்சில் வலி இல்லை, எரிச்சல் இருந்தது. அதற்கும் வரிசைதான்.

ஆகவே அவன் தறி பொருத்துகிற மகிபாலனிடம் போனான்.

"புதுசு வந்துருக்கு அண்ணாச்சி. முன்பறிப்புக் கங்காணி" என்றான் மகிபாலன். "முக்கியமான வேலை வந்தா, ஓடுறத பாதியில பறிச்சு ஓரமா வச்சிட்டு, வந்தத தறியில ஏத்திரும். கங்காணி தன் சொந்தக் கணக்க பாத்துக்கிட்டு இருந்தாக்கூட பாதியில போட்டுட்டு எந்திரிச்சிரும். பழசுக்கு அந்தப் பழக்கமே கெடையாது."

"பறிச்சத என்ன செய்யும்?"

"நூலு அறாம சுருட்டி வைக்கும். எந்த எழுத்துல நின்னுச்சோ, பெறவு அந்த எழுத்துல இருந்து ஓடும். மூச்சு, படபடப்பு எல்லாம் அப்படியே இருக்கும்."

"வேற?"

"இருதலைக் கூட்டு இருக்கு. புருஷன் பொஞ்சாதி ரெண்டு தலையயும் சேத்துட்டா எட்டுத் தறி, ஒரே கங்காணி, ஒரே வரிசை. அக்கா கை நெறைய வேலையா இருந்தா ஒங்க சும்மா கெடக்க தறிக்குத் தள்ளிவிடும்."

லிங்கதுரை பேச்சைத் தார்ப்பாயின் தரத்துக்குக் கொண்டுபோனான், கடல்காற்றுக்குக் கொண்டுபோனான், மகிபாலனின் மாமனார் உடம்புக்குக் கொண்டுபோனான். பிறகு, போகிற போக்கில் கேட்பதுபோல், "அதுல... யாரு தறியில என்ன ஓடுதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியுமோ?" என்றான்.

"இத கேக்கதுக்கா அண்ணாச்சி எங்க மாமா வரைக்கும் போனிய?" என்றான் மகிபாலன்.

மனைவியைச் சம்மதிக்க வைக்க லிங்கதுரை ஏழு பொய் தயாரித்து வைத்திருந்தான். ஒன்றுகூடச் செலவாகவில்லை.

"நல்லதுதான். ஒங்க தறி மூணு சும்மாதான கெடக்கு, அதுல நம்ம வியாபாரத்த பாவு ஓட்டலாம்" என்றாள் தங்கபுஷ்பம்.

மறுநாள் காலையிலிருந்து எட்டுத் தறிகளும் அவன் கண்ணோரத்தில் பட்டியலாகத் தெரிந்தன. முதல் வேலையாக அந்த நான்காவது ஆளைத் தேடினான். அது பொள்ளாச்சிக் கயிற்றாலை ஒன்றின் விலை சொல்லும் இயந்திரம். மனைவி ஒரு இயந்திரத்தைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறாள் என்பதில் அவனுக்குக் கால் பங்கு நிம்மதி வந்தது. இயந்திரத்திடம் சிரித்தவள் நம்மிடம் சிரிக்கவில்லையே என்பதில் முக்கால் பங்கு பொறாமை வந்தது.

தறிகளுக்குக் கீழே, இடம் கிடைக்காமல் காத்திருக்கும் வேலைகளின் வரிசை இருந்தது. அதைப் பார்த்ததும் கால் பங்கு நிம்மதியும் போய்விட்டது.

*கிளாட்வினிடம் திரும்பி வருதல். உரியவர்: தங்கபுஷ்பம். இடம்: நாசரேத். காத்திருப்பு: இருபத்தொரு ஆண்டுகள். அழுத்தம்: மிக அதிகம்.*

இந்த இடத்தில் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பறிப்புக் கங்காணியைக் கட்டியவர்கள், விடைபெறும்போது 'போகிறேன்' என்று சொல்லிவிட்டு உண்மையாகவே போய்விடுகிற தேசத்துக்காரர்கள். நம் பக்கத்தில் போகிறவன் 'போறேன்' என்று சொன்னால் சொன்னவனுக்கும் ஆகாது, கேட்டவனுக்கும் ஆகாது. 'வாரேன்' என்றுதான் சொல்லுவான், சொல்லிவிட்டு வரமாட்டான். அது இரு தரப்புக்கும் தெரியும். கங்காணிக்குத் தெரியாது. கொடுத்து நிறைவேற்றாத வாக்குகளை நினைவிலிருந்து தோண்டி எடுத்து முடித்துத் தருவது அதன் சிறப்பம்சம் என்று விளம்பரமே செய்திருந்தார்கள். அது மண்டைக்குள் கிடந்த அத்தனை வாரேனையும் தோண்டி எடுத்து வரிசையில் நிறுத்திவிட்டது.

அந்த வாரம் ஊர் பட்டபாடு கொஞ்சமல்ல. காலிசெய்து போன குடித்தனக்காரர்கள் பழைய வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். பெண் பார்த்துவிட்டு 'வாரோம்' என்று எழுந்துபோன ஒரு குடும்பம் பதினெட்டு வருடம் கழித்து வேன் பிடித்து வந்து இறங்கி, மிக்சருக்குக் காத்திருந்தது. அந்தப் பெண்ணின் மகன்தான் மிக்சர் வாங்கி வந்தான். துட்டி வீடுகள் மட்டும் தப்பித்தன. சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு புறப்படுவதில்லையே.

பஜாரை விட்டு எங்கும் போகாத லிங்கதுரையின் பெயரில் வாரேன் ஒன்றுகூட இல்லை; தங்கபுஷ்பத்தின் பெயரில் இரண்டாயிரத்துக்கு மேல் இருந்தன. அவள் சொன்னபோது மனசில் இருந்த அழுத்தப்படி கங்காணி அவற்றை அடுக்கியிருந்தது. தையற்கடை, பல் மருத்துவர், சித்தி வீடு எல்லாம் எங்கோ அடியில் கிடந்தன. உச்சியில் கிளாட்வின். அவளுடைய நான்கு தறியும் அதைவிட அவசரமான வியாபாரத்தில் நிறைந்திருந்ததால் மட்டுமே அது இன்னும் ஏறவில்லை.

"கிளாட்வின் யாரு?" என்றான் லிங்கதுரை.

கயிறு அளந்த கை நிற்கவில்லை. "எந்த கிளாட்வின்?"

"நாசரேத் கிளாட்வின்."

"ஓ, அவனா. கல்யாணத்துக்கு முந்தி நாசரேத்துக்கு தறிப் பயிற்சிக்குப் போனம்லா, அங்க பஸ் ஸ்டாப்புக்கு எதுத்தாப்புல மோட்டார் ரிப்பேரு பாத்தான்."

"அவன்ட்ட வாரேன்னு சொல்லிருக்க."

"ஊரு பூராத்துட்டயும் சொல்லிருக்கேன். பின்ன, போறேன்னா சொல்லுவாவ?"

"அழுத்தம் மிக அதிகம்னு போட்டுருக்கு."

"பஸ்ஸு கெளம்பிட்டு. ஓடிக்கிட்டே சொன்னேன். மூச்சு வாங்கிருக்கும்."

பதில் நன்றாக இருந்தது. அதுதான் லிங்கதுரைக்குப் பிடிக்கவில்லை. பஜாரில் வளர்ந்தவனுக்குத் தெரியும்: கேட்டவுடன் கிடைக்கிற துண்டு, முன்பே அளந்து வெட்டி வைத்த துண்டு.

"அப்பம் அத அழிச்சிரு" என்றான்.

"ஒண்ணுமில்லாதத எதுக்கு அழிக்க? அழிச்சா என்னமோ இருந்துச்சுன்னு ஆவும்."

இதுவும் நல்ல பதில்தான். அவள் ஒப்பமில்லாமல் அழிக்கவும் முடியாது. லிங்கதுரை ஒரு நாள் முழுக்க யோசித்தான். அவனுக்குத் தெரிந்த தொழில்முறை ஒன்றே ஒன்று: எதிரியின் சரக்கு உள்ளே வராமல் தடுக்கவேண்டுமானால், கிடங்கில் இடமே இல்லாமல் செய்துவிட வேண்டும்.

அன்றிலிருந்து தங்கபுஷ்பத்தின் ஒரு தறியும் ஒரு கணம்கூட ஓயவில்லை. ஒரு பேரம் முடிகிற நேரம் பார்த்து அடுத்ததைத் தள்ளினான். தேவையில்லாத ஊர்களிலிருந்து விலை கேட்கச் சொன்னான். பத்து வருடத்துப் பழைய வாடிக்கைக்காரர்களைத் தேடிப் பிடித்து, "அண்ணாச்சி, ஒங்களுக்கு தார்ப்பாய் தேவைப்படும்னு கெனா கண்டேன்" என்று கிளப்பிவிட்டான். தன் பங்கு வேலை முழுவதையும், கிடங்கைச் சரிபார்ப்பது வரைக்கும், அவள் பக்கம் மாற்றினான். எல்லாவற்றுக்கும், வரிசையில் முந்த வைக்கும் உயர்ந்த முந்துநிலை போட்டான்.

"என்னங்க, திடீர்னு வியாபாரத்துல இம்புட்டு அக்கறை?" என்றாள் அவள், கண் கலங்காத குறையாக.

"ஒன் தெறமைய வீணாக்கக் கூடாதுல்லா" என்றான்.

கடை அமோகமாக நடந்தது. பஜாரே லிங்கதுரையைப் பார்த்துப் பொறாமைப்பட்டது. லிங்கதுரை நாசரேத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் ஒரே ஒரு தறி ஓடியது. அதில் ஒரே ஒரு வேலை: தங்கபுஷ்பத்தைக் கவனித்தல். மற்ற மூன்றும் வெறுமனே கிடந்தன. வரிசையில் கிளாட்வினின் முந்துநிலை நாளொன்றுக்கு ஒரு படியாக ஏறுவதை அவன் பார்த்தான். ஏறட்டும், இடம்தான் இல்லையே என்று நினைத்தான். கங்காணியோடு வந்த கையேட்டில் பட்டினி விதி என்று ஒரு பக்கம் இருந்தது. விலைப்பட்டியலைத் தவிர வேறெதையும் முழுதாகப் படிக்கிற வழக்கம் அவன் பரம்பரையில் கிடையாது.

எட்டாம் நாள் முற்பகல், குளிர்ந்த கலர் சோடா பாட்டில் ஒன்றை வாயில் வைத்தபடி, மனைவி யாரிடமோ தலையாட்டுவதை அவன் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது உள்ளே ஒரு சொடக்குச் சத்தம் கேட்டது.

*பட்டினி எல்லை தாண்டப்பட்டது. உரியவரின் தறிகள் நிறைந்துள்ளன. கூட்டின் காலித் தறிக்குப் பணி மாற்றப்படுகிறது: லிங்கதுரை, மூன்றாம் தறி. நினைவும் உடன் மாற்றப்படுகிறது. நகல் வைக்கப்படாது.*

சொந்த வேலை சொந்தத் தலையில்தான் ஓடும். ஆனால் காத்திருந்தே சாகப்போகிற வேலைக்கு எந்தத் தலையானாலும் சரி. இதுதான் பட்டினி விதி. நகல் வைத்தால் ஒரே நினைவை இரண்டு தலை இரண்டு விதமாகச் சொல்லி வீண் வழக்காகும் என்பதால், போகிற நினைவு முழுதாகப் போய்விடும்.

நடக்க உடம்பு வேண்டியிருந்ததால் லிங்கதுரையின் பொறாமை பாதி எழுத்தில் பறிக்கப்பட்டு ஓரமாகச் சுருட்டி வைக்கப்பட்டது. கால்கள் தாமாக எழுந்தன. பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, "நாசரேத்து வரைக்கும் போயிட்டு வாரேன்" என்றான்.

"எதுக்கு?" என்றாள் தங்கபுஷ்பம். அந்த ஊர்ப் பெயர் அவள் முகத்தில் எதையும் அசைக்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழிநெடுக அவன் முன்னுச்சி முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே போனான். அவனுக்கு முன்னுச்சியில் முடி கிடையாது.

பஸ் ஸ்டாப்புக்கு எதிரே அந்த மோட்டார் கடை இன்னும் இருந்தது. பனியன் போட்ட, தொப்பை சரிந்த, வழுக்கைத் தலை ஆசாமி ஒருவர் தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டு அதன் முன்னால் குந்தியிருந்தார். வழுக்கையில் கிரீஸ் அப்பியிருந்தது. அதன் மேல் வெயில் பட்டது. இவ்வளவு அழகான தலையை லிங்கதுரை தன் வாழ்நாளில் பார்த்ததில்லை.

"வந்துட்டேன்" என்றது அவன் வாய்.

"எந்த மோட்டாரு? ஒண்ணரை எச்.பி.யா? நாளைக்கில்லா வரச் சொன்னேன்" என்றார் கிளாட்வின், நிமிராமலே.

இரண்டாம் தறியில் லிங்கதுரையின் பொறாமை அவிழ்ந்து மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. அது இந்த ஆளின் கழுத்தை நெரிக்கச் சொன்னது. மூன்றாம் தறி தலையைக் கோதச் சொன்னது. தறி நான்கானாலும் கை ஒரு சோடிதான். இரண்டு ஆணைக்கும் நடுவில் அகப்பட்ட அந்தக் கைகள் கிளாட்வினின் வலது கையைப் பற்றிப் பெருவிரலைத் திருப்பிப் பார்த்தன. அதில் வெள்ளையாக ஒரு பழைய தழும்பு இருந்தது.

"கை ஆறிட்டா?" என்றான் லிங்கதுரை. "மருந்து போடாம கெரசின தடவிக்கிட்டு திரியாதன்னு சொன்னேன்லா?"

கிளாட்வினின் மற்றொரு கையிலிருந்து திருப்புளி விழுந்தது. அவர் லிங்கதுரையின் முகத்தைப் பார்த்தார். இருதலைக் கூட்டு பற்றிக் கேள்விப்பட்டவர்தான் போலிருக்கிறது. திருப்புளியைத் தேடி எடுத்து மோட்டார்மேல் வைத்தார்.

"நீங்க... புஷ்பம் வீட்டுக்காரரா?" என்றார் கடைசியில்.

"ஆமா" என்றது முதல் தறி.

"சொகமா இருக்காளா?"

"இருக்கா. வியாபாரத்துல கெட்டிக்காரி."

"அது அப்பமே அப்படித்தான். ஒரு டீக்கு மூணு கிளாஸ் கேப்பா" என்று சிரித்தார் கிளாட்வின். பிறகு, "கலர் குடிக்கியளா?" என்றார். அடுத்தவன் மனைவியின் அக்கறையை அடுத்தவன் கையிலிருந்தே வாங்கிக்கொண்ட ஒருவர் வேறு என்னதான் கேட்பார்?

குடித்தான். எழுந்தான். அந்த நேரத்தில் 'போறேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காரியம் முடிந்து கங்காணி அதை வரிசையிலிருந்து அடித்திருக்கும். கடை வாசலில், கிரீஸ் கையோடு எழுந்து நிற்கிற மனுஷரிடம் அந்த வார்த்தையை எப்படிச் சொல்லுவது? "வாரேன்" என்றான்.

திரும்பும் பஸ்ஸில் மூன்றாம் தறி மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் இருபத்தொரு வயது தங்கபுஷ்பம் இதே பஸ் ஸ்டாப்பில் நின்றாள். இரண்டு பஸ்ஸை வேண்டுமென்றே விட்டுவிட்டு மூன்றாவதுக்கு ஓடினாள். ஓடுகிறவள் திரும்பிப் பார்த்து 'வாரேன்' என்றாள். மூச்சு வாங்கியது உண்மைதான். ஆனால் பஸ் நின்றுகொண்டுதான் இருந்தது. அப்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று லிங்கதுரைக்கு உள்ளேயிருந்து தெரிந்தது: கன்னத்தின் சூடு தெரிந்தது, உதடு நடுங்கியது தெரிந்தது. உள்ளேயிருந்து தெரிந்த அந்த முகத்தை, இத்தனை வருடத்தில் வெளியேயிருந்து அவன் ஒருநாளும் பார்த்ததில்லை.

அவன் இதுவரை கிளாட்வின்மேல் பொறாமைப்பட்டிருந்தான். தூத்துக்குடி வருவதற்குள் தன் மூன்றாம் தறிமேல் பொறாமைப்பட ஆரம்பித்தான். மனைவியின் காதல் அவன் மண்டைக்குள்தான் இருந்தது. ஆனால் அது அவனுக்கானது இல்லை.

கங்காணி கேட்டது: *பணி உங்கள் பெயரில் நீள்கிறது. பழைய உரியவருக்கே திருப்பவா?*

இல்லை என்றான். அந்த முகம் வேறு எந்தக் கடையில் கிடைக்கும்?

கடையில் தங்கபுஷ்பம், தையற்கடை, சித்தி வீடு என்று தன் பெயரில் மிச்சமிருந்த வாரேன்களை எல்லாம் ஒப்பமிட்டு அழித்துக்கொண்டே பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளாட்வினையும், அந்தப் பெயருக்காகப் போட்ட சண்டையையும் கங்காணி அவள் தலையிலிருந்து சேர்த்தே எடுத்துப் போயிருந்தது.

"யாருங்க இந்த கிளாட்வின்?"

லிங்கதுரை அவள் கண்ணைப் பார்த்தான். நடிப்பில்லை. "நெசமாவே தெரியலியா?"

"தெரிஞ்சா கேப்பனா? ஆம்பளையா, பொம்பளையா?"

"மோட்டார் ரிப்பேரு பாக்கவரு."

"மோட்டார் ரிப்பேருக்காரர பாக்கப் போறதுக்கு எதுக்கு அழுத்தம் மிக அதிகம்?" அவள் குரல் ஒரு படி ஏறியது. "நானும் பாக்கேன், வந்ததுல இருந்து மொகமே சரியில்ல. என்னமோ புதுசா பூசுன செவரு மாதிரி இருக்கு. யாருட்ட போய் என்னத்த சொல்லிட்டு வந்திய?"

அந்தக் குரலை லிங்கதுரை முதல்தடவையாகக் கேட்டான். அவனுக்காக ஒருத்தி பொறாமைப்படுகிறாள்! உள்ளூர இனித்தது. புதிதாகப் பூசிய சுவரைப்போலவே நின்றான். இந்த இனிப்பைக் கொஞ்ச நாள் வைத்துச் சாப்பிடலாம் என்று நினைத்தான்.

மறுநாள் காலை அவன் முதல் தறியில் உப்பளத்துத் தார்ப்பாய் வந்து ஏறியது. பின்னாலேயே நங்கூரக் கயிறு. மூன்றாம் தறியில் பஸ் ஸ்டாப்பைப் பறித்துச் சுருட்டி வைத்துவிட்டு, அந்த இடத்தில் பொள்ளாச்சி விலை ஏறியது. நான்காவதில் கிடங்குச் சரிபார்ப்பு. எல்லாம் உயர்ந்த முந்துநிலை. எல்லாம் தங்கபுஷ்பத்தின் பக்கத்திலிருந்து வந்தன. ஒன்று முடிகிற நேரம் பார்த்து அடுத்தது விழுந்தது. வரிசையில் கிளாட்வின் ஒரு படி ஏறினார்.

ஏழு நாள் ஓடியது. லிங்கதுரை நான்கு பேரிடம் ஒரே சமயத்தில் பேரம் பேசி, குரல் கம்மி, கண் குழிந்துபோனான். கையேட்டின் அந்தப் பக்கத்தை இப்போது மனப்பாடமாகச் சொல்லுவான். நாளைக்கு எட்டாம் நாள். நாளைக்கு அது காலித் தறி தேடிப் போகும், நினைவோடு போகும், நகல் இருக்காது. அவள் கால்கள் தாமாக எழுந்து பஸ் ஏறும். போனபின் அந்த முகம் அவளுக்குள் இருக்கும். நாசரேத்துக்காரர் அதை வெளியேயிருந்து பார்ப்பார். சொல்லித் தடுக்கலாம்தான். சொல்லவேண்டுமானால் முதலிலிருந்து சொல்லவேண்டும்.

லாரிக்காரர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்த வாயை ஒரு கணம் பறித்துக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினான்.

"புஷ்பம், நீயும் கொஞ்சம் வேலை பாரேன். ஒரு மூணு பேரத்த எடுத்துக்க. ஒனக்குப் புண்ணியமா போவும்."

தங்கபுஷ்பம் நைலான் கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்து, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆன நாள் முதலாக அவன் ஏங்கிக் கிடந்த பார்வை அது.

"எனக்கு வேலை இருக்கு" என்றாள். "ஒங்களையே பாத்துக்கிட்டு இருக்கதுதான் இப்பம் எனக்கு வேலை."

பட்டியலில் அது முதல் தறியில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பக்கத்து மற்ற மூன்று தறிகளும் காலியாக இருந்தன.